கோபேக்குப் போன பால்மா டின்

"கொழுந்துக்காரி மகளுக்குத் தேயிலையப் பத்தி என்னம்மா தெரியும்? ஜப்பான்காரன் எதையாவது கேட்டு வச்சான்னா என்ன சொல்லுவ?"

டீமேக்கர் ஐயா இப்படிக் கேட்டது, எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையின் வாசலில். உள்ளே நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அவர் ஒரு கரண்டி தேயிலைச் சாயத்தை எடுத்து 'சுர்ர்' என்று உறிஞ்சினார், வாய்க்குள் சுழற்றினார், பிறகு படிக்கத்தில் துப்பினார். எங்கள் வீட்டில் யாராவது தேத்தண்ணியைத் துப்பினால் அம்மா அகப்பையைத் தூக்கிவிடுவாள்.

நான் அறைக்குள் போகவில்லை, வாசலோடு நின்றேன். ஜப்பானுக்குக் கொண்டுபோக ஒரு பைக்கட் நல்ல தேயிலை கேட்கத்தான் வந்திருந்தேன்.

"தோட்டத்துத் துரையோட துண்டுச் சீட்டு இல்லாம ஒரு இலை வெளிய போகாது. டீச்சருக்கு அது தெரியாதா?"

அந்த 'டீச்சரில்' கொஞ்சம் கேலி இருந்தது. ஐயா கெட்டவர் இல்லை. நான் சின்னவளாக இருந்தபோது தான் படித்து முடித்த பத்திரிகைகளை மடித்து எனக்காக எடுத்து வைத்தவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதன்முதலாகப் பேனா பிடித்தவள், ஆசிரியர் பயிற்சி முடித்து ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்க வந்தவள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

"கேட்டா சொல்லிக்குவேன் ஐயா. நாங்க பறிச்சதுதானே?"

"பறிச்சீங்க, சரி. குடிச்சிருக்கீங்களா?"



அம்மா கட்டிக் கொடுத்தது

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: இலங்கையிலிருந்து இளம் ஆசிரியர்கள் பத்துப் பேரை ஒரு மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள், அதில் ஊவா மாகாணத்திலிருந்து போனவள் நான் ஒருத்தி. அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் எனக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கடதாசியும் இல்லை, இந்தப் புத்தகமும் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து நான் வெறுங்கையோடு இறங்கி வந்ததைப் பார்த்த அம்மா அடுப்படிக்குப் போனாள். மாதா மாதம் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கும், சல்லடைக்கு அடியில் மிஞ்சிய தேயிலைத் தூளை ஒரு பழைய பால்மா டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டி வைத்துவிட்டாள்.

"போற வீட்டுக்குக் கைய வீசிக்கிட்டா போவ? இதக் குடு."

"அம்மா, இது தூளு. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். குடிச்சிட்டுச் சிரிக்கச் சொல்லு."

பாண் கடைக்கு மேலே

டோக்கியோவில் இரண்டு வாரம் கழித்த பிறகு எங்களைப் பிரித்து ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது கோபே.

முதுகில் மலை, காலடியில் கடல், நடுவில் ஒரு நாடாவைப் போல ஊர். எந்தத் தெருவில் நின்றாலும் மேட்டுப் பக்கம் பார்த்தால் மலை தெரியும், பள்ளத்துப் பக்கம் பார்த்தால் கப்பலின் கொடிமரம் தெரியும். மலையிலே பிறந்தவளுக்கு வழி தவறாத ஊர் அது. சரிவில் ஏறும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடக்கும் பழக்கம் எனக்கு அங்கே கைகொடுத்தது. கூட வந்த யூக்கோ மூச்சு வாங்கினாள். எனக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்வதற்காக விட்டிருந்த கல்லூரி மாணவி அவள்.

நான் தங்கியது ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். கிமிகோ அம்மாவும் அவர் கணவரும் நடத்திய கடை. விடியும்போது வேகும் மாவின் வாசம் பலகைத் தரை வழியாக ஏறி வந்து என்னை எழுப்பும். ரொட்டியை அவர்கள் 'பான்' என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம், பதுளையில், நாங்கள் பாண் என்கிறோம். இரண்டு ஊரிலும் அந்தச் சொல்லை இறக்கிவிட்டுப் போனவர்கள் போர்த்துக்கேயக் கப்பல்காரர்கள்தான் என்று யூக்கோ சொன்னாள். முதல் நாள் காலை நான் பாணைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தேன். பேக்கரிக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஒரு துண்டைத் தோய்த்துப் பார்த்தார்.

அந்தக் கடையில் என் மனதில் நின்றது ஒரு படம். சுவரில் அவர்கள் வீட்டு முன்னோர் படங்கள் மூன்று. அவற்றோடு ஒரே வரிசையில், முறுக்கிய மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர்.

"இது யாரு?"

"ஜெர்மன்காரர். என் அப்பாவுக்கு ரொட்டி போடக் கற்றுக் கொடுத்தவர்" என்றார் பேக்கரிக்காரர். அடுப்பிலிருந்து வரும் முதல் பாணில் ஒரு துண்டு ஒவ்வொரு நாளும் அந்தப் படங்களுக்கு முன்னால் போகும். வெள்ளைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

அவர்கள் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டது அந்த முதல் நாளில்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்களுடையது தேயிலைக் குடும்பம்."

பொய் இல்லை. ஆனால் நல்ல சேலை கட்டிக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து அப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பால்மா டின்னைப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதற்குப் பதிலாகக் கொழும்பில் வாங்கிய ஒரு மர யானையைக் கொடுத்தேன்.

ஆவி பறக்கும் தெரு

ஒரு மத்தியானம் யூக்கோ என்னைச் சீனர்கள் கடை வைத்திருக்கும் தெருவுக்கு அழைத்துப் போனாள். சிவப்பு வாசல், சிவப்பு விளக்குகள், மூங்கில் தட்டுகளில் அவிந்துகொண்டிருக்கும் வெள்ளை வெள்ளை உருண்டைகள். அதற்குச் சற்று முன்புதான் ஒரு பள்ளிவாசலைக் கடந்து வந்திருந்தோம். ஒரு வளைவில் துணிக்கடை வாசலில் நின்ற இந்தியர் ஒருவர் என் பொட்டைப் பார்த்துக் கைகூப்பியிருந்தார்.

உருண்டை விற்ற சீனத்துப் பெண்ணுக்கு என் அம்மா வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன்.

"இதுதான் ஊர். தாத்தா கப்பலில் வந்தார்."

"திரும்பிப் போகச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்களா?"

யூக்கோ இதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினாள். அந்தப் பெண் தட்டை மூடிக்கொண்டே பதில் சொன்னார். யூக்கோ சிரித்துவிட்டாள்.

"கேட்பார்களாம். பசித்தால் இங்கேதான் வருவார்களாம்."

என் சின்னம்மா நினைவுக்கு வந்தாள். இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தப்படி அவள் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிய அன்று பதுளை ஸ்டேஷனில் ஒரே அழுகை. சின்னம்மா மட்டும் அழவில்லை. சாமான் எல்லாம் கட்டியான பிறகும் கேத்தலை மட்டும் மூட்டைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். காலையில் கடைசியாகக் கொதிக்க வைத்த சூடு அதில் இன்னும் இருந்தது. "தொட்டுப் பாரு, சுடுது" என்று கோச்சி நகரும்போது ஜன்னல் வழியாக நீட்டினாள். தொட்டேன்.

அங்கே போய் அவள் எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரி: 'இங்க எங்கள சிலோன்காரங்கன்னு சொல்றாங்க.'

இரண்டு உருண்டை வாங்கினேன். உள்ளே பன்றி இறைச்சி என்று யூக்கோ சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லாமல் தின்றேன், இப்போதுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இதை யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

கொதித்த ஊவா

வெள்ளிக்கிழமை கிமிகோ அம்மா ஒரு தங்க நிற டின்னை மேசையில் கொண்டு வந்து வைத்தார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கினாராம். ஆங்கில எழுத்தில் 'ஊவா' என்று இருந்தது, கீழே ஒரு மலைப் படம். எங்கள் மாகாணத்தின் பேரைப் பதுளை அரசாங்கக் கச்சேரிப் பலகையில் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். கடைக்காரன் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பேராக அதைப் பார்த்தது அன்றுதான்.

யூக்கோ விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, மலை மேல் இருக்கும் பழைய வெள்ளைக்காரர் வீடு ஒன்றில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுகிறார்கள். தேயிலைக் குடும்பத்துப் பிள்ளை தேநீர் போட்டுக் கொடுத்து, தேயிலையைப் பற்றிப் பேச வேண்டும்.

"இப்போது ஒரு முறை போட்டுக் காட்டுவாயா என்று கேட்கிறார்."

காட்டினேன். டின்னைத் திறந்ததும் தைலம் போல ஒரு குளிர்ந்த வாசம் மூக்கில் ஏறியது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் லயத்துக் காம்பரா அறையில் எப்படியோ அப்படியே செய்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கை நிறைய அள்ளிப் போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். சாயம் நன்றாக இறங்கட்டும் என்று அடுப்பைத் தணிக்காமல் விட்டேன். தூளுக்கு அதுதான் முறை, கொதிக்கக் கொதிக்கத்தான் அது இருப்பதைக் கொடுக்கும்.

கிமிகோ அம்மா ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஸ்ட்ராங்" என்றார். பேக்கரிக்காரர் கோப்பையை முழுதும் குடித்து முடித்தார். பிறகு எழுந்து போய் இனிப்புப் பாண் இரண்டைத் தின்றுவிட்டு வந்தார். நான் குடித்துப் பார்த்தேன். கஷாயம்.

கிமிகோ அம்மா எழுந்தார். பீங்கான் குவளையை வெந்நீர் விட்டுச் சூடாக்கிக் கவிழ்த்தார். அளந்து இலை போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி, சின்ன மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். மணல் விழுந்து முடியும் வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளைக் கோப்பையில் அது செம்மஞ்சளாக விழுந்தது. விளிம்பைச் சுற்றிப் பொன் வளையம். குடித்தேன். வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மேல் மலையில் நிற்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசம். அந்தச் செடிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள், அவற்றை முதன்முதலாகக் குடித்தது கோபேயில் ஒரு பாண் கடை மாடியில்.

டீமேக்கர் ஐயா கேட்டது சரிதான். அது எனக்கு வலித்தது. அதைவிட, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை வலித்தது. அத்தனை பேர் முன்னால் தேயிலைக் குடும்பத்துப் பிள்ளை எதைப் பேசப் போகிறாள்? வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று இரண்டு நாளும் யோசித்தேன்.

பங்களா வாசல்

படுக்கவில்லை. கிளம்பும்போது, ஏன் என்று தெரியாமலே, பால்மா டின்னையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பச்சைப் பலகைச் சுவர், செங்கல் புகைபோக்கி, சின்னச் சின்னக் கண்ணாடி போட்ட நீள ஜன்னல், ரோஜா வேலி. அப்படியே எங்கள் துரை பங்களா. அரசாங்கம் தோட்டத்தை எடுத்து, வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்த பிறகும் மாறாத பங்களா. ஏதோ ஒரு நாட்டு வியாபாரி கப்பலில் வந்து இங்கேயும் அதே மாதிரி ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கிமிகோ அம்மாவும் யூக்கோவும் பேசிக்கொண்டே முன் வாசலில் ஏறினார்கள். நான் பையோடு பக்கச் சந்தில் திரும்பி, வீட்டைச் சுற்றி நடந்து, பின்கதவுக்குப் போய் நின்றேன். நினைத்துச் செய்யவில்லை. அம்மாவோடு பங்களாவுக்குப் போன நாளெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறோம். கால் அப்படிப் பழகிவிட்டது.

பின்கதவு பூட்டியிருந்தது. தட்டினேன்.

என்னைத் தேடிக்கொண்டு கிமிகோ அம்மா சுற்றி வந்தார். பூட்டிய கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் எப்படிச் சொல்வது? என் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையை அழைத்துப் போவது போல, முன் வாசலுக்குக் கூட்டிப்போனார். எல்லாருடைய செருப்புக்கும் நடுவில் என் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

உள்ளே பதினைந்து இருபது பெண்கள். கோப்பைகள், எலுமிச்சைத் துண்டுகள், சீனிக் கிண்ணம், நடுவில் தங்க டின். எல்லா முகமும் என்னை நோக்கி இருந்தது. யூக்கோவிடம், "நான் சொல்வதை அப்படியே சொல்" என்றேன்.

"என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். முதல் நாள் அதை நான் சொல்லவில்லை. இந்தத் தங்க டின்னில் இருப்பதை நான் முந்தாநாள்தான் முதல் தடவை குடித்தேன். அதை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது, கிமிகோ அம்மாவுக்குத் தெரியும். அதை அவர் போடட்டும். நான் எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைப் போடுகிறேன்."

பையிலிருந்து பால்மா டின்னை எடுத்து, துணியை அவிழ்த்துத் தங்க டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். கிமிகோ அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே இருந்தவர்களிலேயே வயதானவர், கைத்தடியோடு முன் நாற்காலியில் இருந்த ஓர் அம்மா, ஏதோ கேட்டார்.

"ஒரு கூடைக்கு எவ்வளவு நேரம் பறிக்க வேண்டும் என்று கேட்கிறார்."

அது எனக்குத் தெரியும்! லீவு நாளில் எல்லாம் பறித்திருக்கிறேனே. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி ஒடிய வேண்டும், கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே எந்த இடத்தில் நிற்க வேண்டும், மழை நாளில் அட்டைக்கு எதைப் பூசுவோம் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். யூக்கோவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் அவளை விட்டுவிட்டு என் கையையே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு சமையலறையில் தூளைக் கொதிக்க வைத்து எடுத்து வந்தேன். கிமிகோ அம்மா தன் குவளையோடு வந்தார். எல்லாருக்கும் இரண்டு இரண்டு கோப்பை. எங்கள் சாயத்துக்குச் சீனி கலக்கக் கூடாது என்று சொல்லி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொட்டி, நாக்கால் தொட்டு, ஒரு மிடறு குடித்துக் காட்டினேன். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

கைத்தடி அம்மா சிரிக்கவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். முந்தின காலத்தில் இந்தத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தேயிலையை வறுத்துக் கப்பலில் ஏற்றினவாம். அவர் அம்மா அங்கே சட்டி முன்னால் நின்று வறுத்தவர். நகக்கண்ணில் சாயம் கடைசி வரை போகவில்லையாம். நல்ல இலை எல்லாம் கப்பலுக்கு. வீட்டில் குடித்தது உதிர்ந்த காம்பு.

சொல்லி முடித்துவிட்டு, சீனிக்காக உள்ளங்கையை என் முன் நீட்டினார்.

வீட்டில் ஒரு கோப்பை

கிமிகோ அம்மா பால்மா டின்னைத் திருப்பித் தரவில்லை. நான் கிளம்பும் நாளில் அது ஜெர்மன்காரர் படத்துக்குக் கீழே இருந்தது. பேக்கரிக்காரர் பாண் துண்டுகளோடு அதற்கு முன்னாலும் ஒன்று வைத்திருந்தார். என் கையில் புதிதாக ஒரு தங்க டின்.

ஊர் திரும்பியதும் அதை என் அம்மாவுக்கு, மணல் கடிகாரம் இல்லாமல், மனதுக்குள் எண்ணித்தான் போட்டுக் கொடுத்தேன். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சாயமே எறங்கலயே பாப்பா. ஒன்ன நல்லா ஏமாத்திட்டாங்க."

"குடிச்சிப் பாரும்மா."

ஒரு மிடறு குடித்தாள். பிறகு இன்னொன்று. கோப்பையோடு மலைப் பக்கம் திரும்பினாள்.

"இதையா நாங்க பறிச்சோம்?"

கோப்பையை மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு வெற்றுக் கோப்பையை என்னிடம் நீட்டினாள். "சரி, இப்ப நம்ம தேத்தண்ணி ஒன்னு ஊத்து."

அந்த டின்னில் கொஞ்சத்தைக் கடதாசியில் மடித்து டீமேக்கர் ஐயாவிடம் கொண்டுபோனேன். வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு, உறிஞ்சி, சுழற்றினார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

"நம்ம பக்கத்து மலைதான். காத்து மாசத்துச் சரக்கு."

"குடிச்சிட்டேன் ஐயா" என்றேன். கொழும்பில் ஒரு கம்பெனி, தேயிலை ருசி பார்க்கப் பழக ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்த துண்டை அவர் மேசையில் வைத்தேன்.

"பொம்பளப் புள்ளைங்கள எடுக்க மாட்டாங்கம்மா."

"எடுக்க மாட்டோம்னு போடலயே ஐயா."

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நற்சான்றுக் கடிதத்துக்குக் கடதாசி தேடினார்.

விண்ணப்பம் பதுளைத் தபால் கந்தோரிலிருந்து போய்விட்டது. பதில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? பஸாரில் ஒரு முஸ்லிம் நானா கடையில் மூன்று வெள்ளைக் கிண்ணங்கள் வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் விடியற்காலையில் மூன்றிலும் மூன்று விதமாகச் சாயம் இறக்கி, உறிஞ்சி, சுழற்றி, இன்னொரு பால்மா டின்னுக்குள் துப்பிக்கொண்டிருக்கிறேன். அம்மா அகப்பையோடு நிற்கிறாள்.